ஸ்லிண்ட் மதுரைக்கு வரப்போவதில்லை

நடுவர் அவர்களுக்கும், நேற்று ராத்திரிக் கச்சேரியில் கத்திவிட்டுத் தொண்டை கட்டிய குரலோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

'இண்டி ராக் ரசிகருக்குப் பெரிதும் நிறைவு தருவது ஆல்பமா? நேரடிக் கச்சேரியா?' இதுதான் தலைப்பு. இண்டி ராக் என்றால் பெரிய கம்பெனிகளை நம்பாமல், லேபிள் என்கிற சின்னச் சின்ன இசை வெளியீட்டு நிறுவனங்கள் மூலம் வளர்ந்த ராக் இசை. ஆல்பமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடும் சுகம் வேறு எதிலும் கிடையாது என்றார். ஃபுகாஸி மாதிரி ஒரு பேண்டை மேடையில் பார்க்காதவன் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். டிக்கெட் வாங்குகிறவன்தான் பேண்டுக்குச் சோறு போடுகிறான் என்றார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். பேச்சு அருமை, கேஸ்தான் வீக்.

கூட்டம் பாடுகிற சுகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் எஃகுக்குப் பேர்போன ஊர். அங்கே ஆர்க்டிக் மங்கீஸ் என்று நான்கு பையன்கள், மீசை அரும்புகிற வயசு. 2003, 2004 வாக்கில் உள்ளூர் பப்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கையில் காசில்லை, லேபிள் இல்லை. டெமோ பாட்டுகளை, அதாவது மாதிரிக்குப் பதிந்த பாட்டுகளை, சிடியில் காப்பி போட்டு, கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். வாங்கிப்போனவன் சும்மா இருப்பானா? கம்ப்யூட்டரில் ஏற்றினான், இணையத்தில் பகிர்ந்தான், தெரிந்தவனுக்கெல்லாம் இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று என்றால், கடையில் ஒரு ஆல்பம்கூட இல்லாத பேண்டின் கச்சேரியில் கூட்டம் வரிக்கு வரி கூடவே பாடியது. மேடையில் நின்ற பையன்களே அசந்துபோனார்கள்.

எதிரணி நண்பர் தலையாட்டுகிறார், இது நம் பக்கத்துச் சாட்சி என்று. ஐயா, அந்தக் கூட்டம் வரிகளை எங்கே மனப்பாடம் செய்தது? பப்பிலா? அங்கே கித்தாரும் டிரம்ஸும் போடுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்கிறவன் காலை மிதித்துவிட்டு 'ஸாரி' சொன்னால்கூடக் காதில் விழாது. அதில் அந்த பேண்டின் பாடகர் அலெக்ஸ் டர்னர் தன் ஷெஃபீல்டு வட்டாரப் பேச்சில், மூச்சு விடாமல், வார்த்தை மேல் வார்த்தை அடுக்கிப் பாடுகிறார். ஒரு தடவை நின்று கேட்டுவிட்டு அதைத் திருப்பிப் பாட ஒருவராலும் முடியாது. வீட்டில் அந்த ஓசி சிடியைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டவன்தான் பாடினான். 2006 ஜனவரியில் டாமினோ என்ற இண்டி லேபிள் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் போயிற்று. பிரிட்டனில் அதற்கு முன் எந்த பேண்டின் முதல் ஆல்பமும் அந்த வேகத்தில் விற்றதில்லை. இத்தனைக்கும் அதிலிருந்த பல பாட்டுகளின் டெமோ ஏற்கெனவே ஓசியில் சுற்றிக்கொண்டிருந்தது. தெரிந்த பாட்டைக் காசு கொடுத்து வாங்க வரிசையில் நின்றிருக்கிறார்கள்!

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது பாடகர் மைக்கில் வந்து, 'அடுத்து ஒரு புதுப் பாட்டு' என்பார். அவ்வளவுதான். கால்வாசிப் பேர் பாத்ரூமுக்கு, கால்வாசிப் பேர் பீர் வாங்க. மிச்சப் பேர் மரியாதைக்கு நிற்பார்கள், கையில் ஃபோன். அதே பேண்ட், அதே மேடை, அதே விளக்கு. ஆல்பம் இன்னும் வெளிவரவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆறு மாதம் கழித்து அதே பாட்டுக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகும். நடுவில் நடந்தது என்னவென்று நான் சொல்லவும் வேண்டுமா?

இப்போது ஸ்லிண்ட். நடுவர் அவர்களே, என் கேஸ் முழுவதையும் இந்த ஒரு பேண்டை வைத்தே வாதாடிவிடுவேன். நேரம் கொடுத்தால்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். இருபது வயசைச் சுற்றி நான்கு பேர். 1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய், நான்கே நாளில் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பேர் 'ஸ்பைடர்லேண்ட்'. ஆறே பாட்டு, நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. டச் அண்ட் கோ என்ற சிகாகோ லேபிள் 1991 மார்ச்சில் அதை வெளியிட்டது. வெளியிட்டபோது பேண்ட் இல்லை. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆல்பத்துக்கு ஒரு சுற்றுப்பயணம் கிடையாது.

அந்த அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் கழுத்தளவு மூழ்கி, நான்கு தலைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. முன்னட்டையில் பேண்டின் பேரும் இல்லை, ஆல்பத்தின் பேரும் இல்லை. பின்னட்டையில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு: பாட விருப்பமுள்ள பெண்கள் எழுதலாம் என்று கீழே ஒரு முகவரி. கலைந்துபோன பேண்டுக்கு ஆள் தேவை விளம்பரம்! இப்படி ஒரு கூத்தை எந்த மேடையில் பார்க்க முடியும்?

உள்ளே இருக்கும் இசையோ இன்னும் விசித்திரம். கித்தார் ஒவ்வொரு நரம்பாகத் தயங்கித் தயங்கி மீட்டும். பாடகர் பிரையன் மக்மஹன் பாடுவதுகூட இல்லை, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் தாழ்ந்த குரலில் கதை சொல்வார். நாம் வால்யூமைக் கூட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கித்தார்கள் இடிந்து விழும். கடைசிப் பாட்டின் முடிவில், அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த மனிதர் தொண்டை கிழியக் கத்துவார். முந்தைய அரை மணி நேர முணுமுணுப்பைக் கூர்ந்து கேட்டவனுக்குத்தான் அந்தக் கத்தல் முதுகுத்தண்டில் இறங்கும். இதைக் கொண்டுபோய் ஒரு பாரில் வாசித்தால், அந்த முணுமுணுப்புக்கு மேலே என்ன கேட்கும்? யாரோ ஒருவர் தன் ஆபீஸ் மேனேஜரைத் திட்டுவது கேட்கும். மெதுவான பாட்டு வந்தால் பேச்சுக் கச்சேரி ஆரம்பிக்கிற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிரணியில் சிலர் அந்தக் கூட்டமாகவே இருந்திருப்பார்கள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, கலைந்த பேண்டின் ஆல்பம் என்ன ஆயிற்று? கைக்குக் கை மாறியது. ஒருவர் இன்னொருவருக்கு டேப்பில் பதிந்து கொடுத்தார். பிறகு போஸ்ட்-ராக் என்று, பாட்டைவிட வாத்தியங்களுக்கு முதலிடம் தரும் ஒரு ராக் வகையே கிளம்பியபோது, கிளாஸ்கோவின் மோக்வாய் பேண்ட் உட்படப் பலர் அந்த ஆறு பாட்டைத்தான் கைகாட்டினார்கள். 2005-இல் ஸ்லிண்ட் மறுபடி சேர்ந்து மேடை ஏறினார்கள், ஆல்பம் வெளிவந்து பதினான்கு வருஷம் கழித்து. வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் அவர்களை நேரில் பார்த்ததே இல்லாதவர்கள். இத்தனை வருஷம் அந்த ரசிகர்களை யார் வளர்த்தது? மேடையா?

நாம் இருக்கும் இடத்தையும் மறக்கக்கூடாது. ஸ்லிண்ட் மதுரைக்கு வந்து தமுக்கத்தில் வாசிப்பார்கள் என்று நான் காத்திருந்தால், என் பேரன் வந்து இந்த மேடையில் பேசவேண்டியிருக்கும். நமக்கெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் படம் ரிலீஸ். 2015 ஜூலையிலிருந்து ஆல்பத்துக்கும் அதே கிழமைதான். முன்பு அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று ஆளுக்கொரு நாள் வைத்திருந்தார்கள். இப்போது உலகம் முழுக்க வெள்ளி. பெரும்பாலும் அந்தந்த ஊர் நள்ளிரவுக் கணக்கு என்பதால், சிகாகோ பேண்டின் புது ஆல்பத்தைச் சிகாகோக்காரன் கேட்பதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே நம் ஊரில் ஒருவன் லைட்டை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டு முடித்துவிடுகிறான். விசா வேண்டாம், லீவு வேண்டாம், ஆதார் அட்டைகூட வேண்டாம். கச்சேரியின் முதல் வரிசை இன்னும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஃபுகாஸிக்கு வருகிறேன். தலைவர் நல்ல ஆளைத்தான் பிடித்தார். வாஷிங்டன் பேண்ட். டிக்கெட் 5 டாலர் என்று வருஷக்கணக்கில் பிடிவாதம் பிடித்தவர்கள். எந்த வயசுக்காரரும் வரலாம் என்ற நிபந்தனை போடாமல் வாசிக்க மாட்டார்கள். டி-ஷர்ட் விற்க மாட்டார்கள். மேடையில் அவர்கள் புலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயசு நிபந்தனையை ஏன் போட்டார்கள் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் பல கிளப்களில் 21 வயசு ஆகாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ராக் இசை தேவைப்படுவதே பதினாறு வயசில்தான்! எந்த ஆல்பமும் இதுவரை யாரிடமும் அடையாள அட்டை கேட்டதில்லை.

இன்னொன்று. 1987 தொடங்கி 2003-க்குள் ஆயிரத்துக்கும் மேல் கச்சேரி செய்த அந்த ஃபுகாஸி, அவற்றில் 800-க்கும் மேற்பட்டதை டேப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். 2011-இலிருந்து டிஸ்கார்ட் லேபிள் அவற்றை இணையத்தில் விற்கிறது. தொடங்கியபோது ஒரு கச்சேரிக்கு அதே 5 டாலர்தான் கேட்டார்கள். 'அது கச்சேரிப் பதிவுதானே, ஆல்பம் இல்லையே' என்பார் எதிரணி. இருக்கட்டும். ஆனால் 'அந்த ராத்திரி அங்கே நின்றவனுக்குத்தான் ஃபுகாஸி' என்று தலைவர் சொல்கிறார், ஃபுகாஸியே அப்படி நினைக்கவில்லையே! வராதவனுக்கும் போகட்டும் என்று எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்களே!

ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. மை பிளடி வேலண்டைன் என்ற பேண்ட் 2008-இல் மீண்டும் மேடை ஏறியபோது வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் ஒரே இரைச்சலைக் கால் மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தாமல் எழுப்புவார்கள். நெஞ்செலும்பு அதிரும், சட்டை துடிக்கும் என்கிறார்கள். எந்த ஹெட்ஃபோனும் அதைத் தராது. அதற்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே போய் நின்றவர்களை வரவழைத்தது 1991-இல் வந்த அவர்களுடைய 'லவ்லெஸ்' ஆல்பம். இரண்டு வருஷம், ஸ்டுடியோ மாற்றி ஸ்டுடியோ, அவர்களின் கித்தார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் செதுக்கிச் செதுக்கிச் செய்த ஆல்பம்.

கடைசியாகச் சோறு. டிக்கெட்தான் பேண்டுக்குச் சோறு என்றார் எதிரணித் தலைவர். 2022 அக்டோபரில் அனிமல் கலெக்டிவ் என்ற அமெரிக்க பேண்ட் தங்கள் ஐரோப்பியப் பயணத்தையே ரத்து செய்தார்கள். புதுசாகக் கிளம்பியவர்கள் இல்லை, இருபது வருஷம் அனுபவப்பட்டவர்கள். விலைவாசி, நாணய மதிப்பு, போக்குவரத்துச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மறு வருஷம் த கியூர் என்ற பிரிட்டிஷ் பேண்ட் அமெரிக்காவில் சுற்றியபோது 20 டாலர் டிக்கெட்டுக்கு அதைவிட அதிகக் கட்டணம் தலையில் விழுந்தது. அவர்களின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவெளியில் சண்டை போட்ட பிறகுதான் டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட் மாஸ்டர் 5 டாலர், 10 டாலர் என்று திருப்பிக் கொடுத்தது. ரசிகன் கொடுத்த காசு பேண்டின் தட்டுக்குப் போகும் வழியில் எத்தனை கை நீள்கிறது பாருங்கள்.

ஆல்பத்தின் கணக்கு சுருக்கம். பேண்டுகள் ரசிகர்களுக்கு நேராகவே இசையை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் டவுன்லோடு வாங்கினால் தளத்துக்கு 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் கொஞ்சம், மிச்சம் பேண்டுக்கோ லேபிளுக்கோ. 2020 மார்ச்சில் கொரோனா மேடைகளை எல்லாம் இழுத்து மூடியபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் 15 சதவீதமும் வேண்டாம் என்றார்கள். கச்சேரி இல்லாத அந்த நாட்களில் பல பேண்டுகள் அடுப்பு மூட்டியது அதில்தான். டச் அண்ட் கோ மாதிரி லேபிள்கள், செலவு போக லாபத்தில் பாதிப் பாதி என்று கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்தவர்கள். 'ஸ்ட்ரீமிங்கில் என்ன கிடைக்கிறது?' என்று எதிரணி கேட்பார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2024-இலிருந்து ஸ்பாட்டிஃபையில் வருஷத்துக்கு ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. ஆனால் ஆல்பத்தை வாங்கு என்பதுதானே என் கட்சி? ஓசியில் ஓடவிடு என்று நான் எப்போது சொன்னேன்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து பேசப்போகும் எதிரணி நண்பர், தான் போய்வந்த கச்சேரியை விலாவாரியாக வர்ணிக்கப்போவதாக வெளியே டீக்கடையில் சொன்னார். தாராளமாக வர்ணிக்கட்டும். முடிந்ததும் டி-ஷர்ட் மேசையில் என்ன வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நாற்காலிக்குக் கீழே அவர் பையில் சதுரமாக ஒரு அட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது. இசைத்தட்டு என்றுதான் நினைக்கிறேன், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு.