பன்னிரண்டு அணா ராட்டை

(ஏற்காட்டில் அரசமைப்பு நாள் கூட்டத்தில் பேசியது)

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி வந்திருக்கும் தபால் துறை அதிகாரி ஐயா அவர்களே, அறுவடை வேலைக்கு நடுவிலும் வந்த காபித் தோட்டத்துப் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். குடியரசு பிறந்தபோது வந்த தபால்தலை, அந்தக் குடியரசில் சேலத்தின் பங்கு, இனி நாம் செய்ய வேண்டியது.

1949 நவம்பர் 26-ல் அரசமைப்பை ஏற்றுக்கொண்டோம். 1950 ஜனவரி 26-ல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே நாலு தபால்தலைகள் வெளியாயின. இரண்டு அணாவில் மகிழ்ந்து ஆடும் மக்கள் கூட்டம். மூன்றரை அணாவில் இறகுப் பேனா, மைக்கூடு, ஒரு பாட்டு வரி. நாலு அணாவில் கதிரும் ஏரும். பன்னிரண்டு அணாவில் ராட்டையும் துணியும். 395 பிரிவுகள் கொண்ட சட்டத்தைக் கொண்டாட ஒரு தலைவர் முகத்தையும் போடவில்லை, பாருங்கள். உழுகிறவரையும் நெய்கிறவரையும் நினைத்தார்கள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

என் தாத்தா சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்தவர். அந்த ராட்டைத் தபால்தலை ஒன்றைக் கூலிக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். எனக்கு எட்டு வயதிருக்கும். ஏற்காட்டில் தோட்ட வேலையில் இருந்த மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். கையில் காசில்லை. நோட்டிலிருந்து அதை எடுத்து, சோற்றுப் பருக்கை வைத்து உறையில் ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். மறுநாள் தபால்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். "ஏனுங்க, இது உங்க தபால்தலையாச்சே?" என்று உறையை நீட்டினார். தெருவில் அதைப் பார்க்காதவர் யார்? எனக்குக் கால் நடுங்கியது. தாத்தா அடிக்கவில்லை. என்னைத் தறிக்குழி ஓரத்தில் உட்கார வைத்து, "இதுல என்ன தெரியுது?" என்றார். "ராட்டை, துணி" என்றேன். "நாடு குடியரசானப்போ நம்ம வேலையத்தான்டா படமா போட்டாங்க" என்றார். அப்புறம் உறையைத் தண்ணீரில் ஊறவைத்தார். உரிக்கும்போது ஒரு மூலை கிழிந்தது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று அன்றுதான் முதலில் கேட்டேன், அவர் வாயால்.

சேலத்தின் பங்கைச் சொல்ல வேண்டும். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் கடைசி கவர்னர் ஜெனரல். குடியரசு பிறந்த அன்று அந்தப் பதவி முடிந்து, ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். சரி, அது நீண்ட கதை. மணியைப் பார்க்கிறார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் கடிதத்தை நீட்டினால் இன்று பல இடங்களில் பார்கோடு சீட்டோடு வேலை முடிந்துவிடுகிறது. படம் இல்லை, கதை இல்லை. அதிகாரி ஐயா கோபிக்கக் கூடாது. உங்களிடம்தான் கேட்க முடியும். கேட்கிறவர்களுக்குத் தபால்தலை ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே, நீங்களும் வாய் திறந்து கேளுங்கள். மாதம் ஒரு கடிதமாவது தபால்தலை ஒட்டிப் போடுங்கள். மூர்த்தி சிறிதுதான்!

தாத்தாவின் தபால்தலையைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வரிசையாக வந்து பாருங்கள். கிழிந்த மூலை இடது பக்கம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.