ஐம்பதாவது ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க செனட் சபையில் மொத்தம் 100 பேர். 2021 ஜனவரி 20 அன்று அந்தச் சபை சரிபாதியாகப் பிரிந்து உட்கார்ந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மாதம் 5-ஆம் தேதி நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் ராஃபேல் வார்னாக், ஜான் ஆசாஃப் இருவரும் ஜெயித்ததால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் 50 பேர் சேர்ந்துவிட்டார்கள். குடியரசுக் கட்சிப் பக்கமும் 50. ஓட்டு சமமாக விழுந்தால் துணை அதிபர் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்யலாம் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம். துணை அதிபராக இருந்தவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு வருடத்தில் 33 முறை அவர் இப்படி ஓட்டுப் போட்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கால்ஹூன் போட்ட 31 ஓட்டுகள்தான் அதுவரை சாதனையாக இருந்தது.

அந்தப் பெருமை இருக்கட்டும். 51-வது ஓட்டைப் போடுவதற்கு முதலில் 50 ஓட்டு விழுந்திருக்க வேண்டும் இல்லையா? அந்த 50-வது ஓட்டை யார் கையில் வைத்திருந்தாரோ, அவரிடம்தான் உண்மையான பலம் இருந்தது. அவரைப் பற்றியும், அந்தப் பலத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் நாட்டுப் பாராளுமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும். கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் விஷயம் முடிந்ததே, ஓர் உறுப்பினர் எப்படி மாற்றி ஓட்டுப் போடுவார்? இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவை மீறினால் பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படி எதுவும் கிடையாது. அங்கேயும் கொறடா உண்டு. ஆனால் தலைகளை எண்ணுவது, பேசிப் பார்ப்பது, கெஞ்சுவது, இவ்வளவுதான் அவரால் முடியும். மிஞ்சிப் போனால் கட்சி, மீறிய உறுப்பினரின் குழுத் தலைவர் பதவியைப் பறிக்கலாம். சரிபாதியாக நிற்கும் சபையில் அதற்கும் துணிச்சல் வராது.

ஏன் வராது என்பதற்கு 2001 சாட்சி. அப்போதும் செனட்டில் 50-க்கு 50. டிக் செனி துணை அதிபராக இருந்ததால் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. வெர்மான்ட் மாநில செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் அந்தக் கட்சிக்காரர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கு மத்திய அரசு தருவதாகச் சொல்லியிருந்த பணத்தை முழுசாகத் தர வேண்டும் என்று அவர் கேட்டார். கிடைக்கவில்லை. மே 24 அன்று கட்சியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஜூன் முதல் வாரத்தில் சபையே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. அத்தனை குழுக்களுக்கும் தலைவர்கள் மாறினார்கள். ஒரே ஒருவர் இடம் மாறியதால் நடந்தது இது.

சரி, 2021-க்கு வருவோம். அன்று நடுவில் நின்றவர்கள் இருவர். வெஸ்ட் வர்ஜினியாவின் ஜோ மான்சின், அரிசோனாவின் கிர்ஸ்டன் சினெமா. இவர்களில் மான்சினைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர் ஃபார்மிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். 1968-ல் அந்த ஊர்ச் சுரங்கம் வெடித்து 78 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவருடைய மாமா ஒருவரும் அதில் போனார். பிறகு மாநில ஆளுநராக இருந்து, 2010-ல் செனட்டுக்கு வந்தார். அந்த மாநிலத்தில் 2020 தேர்தலில் ட்ரம்ப் கிட்டத்தட்ட 39 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். அங்கே ஜனநாயகக் கட்சிக்காரராக ஜெயிக்க மான்சினைத் தவிர வேறு ஆள் இல்லை. அதிபர் பைடனோடு சண்டை போட்டால் அவருக்கு ஊரில் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. இப்படிப்பட்டவரை எதைச் சொல்லி மிரட்டுவது? அவருடைய பலம் வாஷிங்டனில் உருவானதல்ல, 18 லட்சம் பேர் வாழும் அந்த மலை மாநிலத்தில் உருவானது. கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் அதே இரண்டு செனட்டர்கள்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால் கணக்கு புரியும்.

2021 மார்ச் 5 அன்று கொரோனா நிவாரண மசோதா சபையில் இருந்தது. மொத்தம் 1.9 லட்சம் கோடி டாலர். வேலையிழந்தவர்களுக்கான வாராந்திர உதவி எவ்வளவு, எந்த மாதம் வரை என்பதில் மான்சின் ஒத்துக்கொள்ளவில்லை. அவரோடு பேசி முடிக்கும்வரை, வேறொரு திருத்தத்தின் மீதான வாக்கெடுப்பை மூடாமலே வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாக்கெடுப்பு ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்டது. நவீன செனட் வரலாற்றில் அவ்வளவு நீண்ட வாக்கெடுப்பு நடந்ததில்லை. கடைசியில், அங்குள்ள பாராளுமன்றத்தின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபை கேட்ட 400 டாலர் 300 ஆனது, செப்டம்பர் 6 வரை என்று முடிவானது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானவர்களின் வார வருமானத்தை ஒரு மூடிய அறையில் சில பேர் பேசித் தீர்மானித்தார்கள்.

திறந்தே கிடந்த அந்த வாக்கெடுப்பு எதைப் பற்றியது தெரியுமா? குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்துவது. 2009 முதல் அது 7.25 டாலரிலேயே நிற்கிறது. சினெமா கட்டைவிரலைக் கீழே காட்டி வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட காட்சி நாடெங்கும் பரவியது, திட்டும் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அன்று ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எட்டுப் பேர். மற்றவர்களின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? நடுவில் நிற்கும் செனட்டர் செய்யும் இன்னொரு வேலை இது. பழியை அவர் வாங்கிக்கொள்வார், அதே எண்ணம் உள்ள மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாக நிற்பார்கள்.

அந்த நிவாரணச் சட்டத்தில் என் மனதை மிகவும் தொட்டது குழந்தைகளுக்கான வரிச் சலுகை. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் வருடத்துக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர். வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுசாகக் கிடைத்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் பெற்றோரின் கணக்குக்கே பணம் வந்தது. வரிச் சலுகைகளையும் அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டின்படி, 2020-ல் 9.7 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 2021-ல் 5.2 சதவீதமாக இறங்கியது.

இதை நீட்டிக்கும் ஏற்பாடு அடுத்த பெரிய மசோதாவில் இருந்தது. அதை 3.5 லட்சம் கோடி டாலர் திட்டமாகத் தொடங்கி, மான்சினுக்காகவும் சினெமாவுக்காகவும் வெட்டி வெட்டிப் பாதியாக்கியிருந்தார்கள். 2021 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் மான்சின் இதற்கு ஓட்டுப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். தன் மாநில மக்களிடம் போய் விளக்க முடியாத ஒன்றை ஆதரிக்க மாட்டேன் என்பது அவர் வாதம். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, கடன் கூடுகிறது, வேலை செய்கிற பெற்றோருக்குத்தான் இந்த உதவி போக வேண்டும் என்றார். விலைவாசி பற்றிய அவர் கவலையைத் தள்ளிவிட முடியாது. அடுத்த ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது.

ஆனால் மறுநாளே அவர் ஊர்க்காரர்களின் சங்கமான ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அவரை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. நிலக்கரித் தூசியால் கருப்பு நுரையீரல் நோய் வந்த தொழிலாளர்களுக்கான நிதியும் அந்த மசோதாவில்தான் இருந்தது. அதிலும் அவர் அசையவில்லை. ஜனவரியில் பணம் நின்றது. 2022-ல் குழந்தை வறுமை 12.4 சதவீதமாக ஏறியது, ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். மற்ற கொரோனா உதவிகள் நின்றதும், விலைவாசியும் அதில் சேரும், உண்மைதான். என்றாலும் டெக்ஸாஸிலும் மிஸிஸிப்பியிலும் இருந்த ஒரு தாய்க்கு இந்த மனிதரைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ ஓட்டு இல்லை. எனக்கு இதில் இன்றைக்கும் ஆறாத வருத்தம் உண்டு.

அதே மான்சின் ஏழு மாதம் கழித்து, 2022 ஜூலை 27 அன்று, செனட்டில் தன் கட்சிக்குத் தலைவரான சக் ஷூமரோடு ஒரு புதிய உடன்பாட்டை அறிவித்தார். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததே சபையில் பலருக்குத் தெரியாது. எரிசக்திக்கும் பருவநிலைக்கும் 36,900 கோடி டாலர், முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது, பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தது 15 சதவீத வரி. கருப்பு நுரையீரல் நிதிக்கான வரியும் அதில் நிரந்தரமானது. அடுத்து சினெமாவின் முறை. முதலீட்டு நிதி மேலாளர்களின் வரிச் சலுகையில் கை வைக்கக்கூடாது என்றார். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, கம்பெனிகள் தங்கள் பங்குகளைத் தாங்களே வாங்கினால் 1 சதவீத வரி என்று சேர்த்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று 51-க்கு 50. குழந்தைகளுக்கான பணம் அதில் இல்லை.

நடுவில் நிற்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஜூலை 28, விடியற்காலை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்யும் மசோதா. மூளைப் புற்றுநோய் இருப்பது அந்த மாதம்தான் தெரியவந்திருந்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் சபையின் முன்னால் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார். தன் சொந்தக் கட்சியின் மசோதாவைத்தான் தோற்கடித்தார், 51-க்கு 49. சரியான விசாரணை இல்லாமல் அவசர அவசரமாக இப்படி ஒரு சட்டம் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைக் கொண்டாடினோம். ஆனால் மெயின் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கியும் எதிர்த்து நின்றிருக்காவிட்டால் அவர் ஓட்டுக்கு மதிப்பே இருந்திருக்காது. குடியரசுக் கட்சிக்கு அன்று 52 பேர், மூன்றாவது ஆள் விலகினால்தான் மசோதா விழும்.

அந்த மர்கௌஸ்கியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2010-ல் சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டு வேறொருவரை வேட்பாளராக்கியது. வாக்குச் சீட்டில் பெயர் அச்சாகாமலே, மக்கள் கையால் எழுதி அவரை ஜெயிக்க வைத்தார்கள். அப்படிப்பட்டவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. 2025 ஜூலை 1 அன்று ட்ரம்பின் பெரிய வரி, செலவு மசோதா வந்தபோது, 53 பேரில் காலின்ஸ், தாம் டில்லிஸ், ராண்ட் பால் மூவரும் எதிர்த்துவிட்டார்கள். மிச்சம் அவர்தான். ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு நடந்தது. உணவு உதவிச் செலவில் மாநிலங்கள் ஏற்க வேண்டிய பங்கை அலாஸ்காவுக்குத் தள்ளிப்போடும் வழி வந்தது. கிராமப்புற மருத்துவமனைகளுக்கான நிதி 5,000 கோடி டாலரானது. திமிங்கில வேட்டைப் படகுத் தலைவர்கள் செலவாகக் கழித்துக்கொள்ளும் தொகைகூட 10,000 டாலரிலிருந்து 50,000 ஆனது. அவர் ஆதரித்தார். துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் ஓட்டோடு மசோதா 51-க்கு 50 என்று நிறைவேறியது. 2022-ல் மான்சின் சம்மதித்துக் கொண்டுவந்த காற்றாலை, சூரியசக்திச் சலுகைகளில் பெரும்பகுதியை அது வெட்டியது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டையும் குறைத்தது. மான்சினும் சினெமாவும் அப்போது சபையில் இல்லை. இருவருமே 2024-ல் போட்டியிடவில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த மர்கௌஸ்கி, இந்த மசோதா இன்னும் சரியாகவில்லை, பிரதிநிதிகள் சபை இதைத் திருத்தும் என்று நம்புவதாக நிருபர்களிடம் சொன்னார். அதைக் கேட்க யாருக்கும் இனி அவசியம் இருக்கவில்லை. ஜூலை 3 அன்று பிரதிநிதிகள் சபை ஓர் எழுத்தும் மாற்றாமல் 218-க்கு 214 என்று நிறைவேற்றியது. மறுநாள் ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார்.

நன்றி, வணக்கம்.