யார் சொல்லி உடுத்துகிறோம்?

(கோத்தகிரியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கையரே, வணக்கம்.

'மரபு உடையா, நவீன முகமா' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றமாக இருந்தால் பக்கத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து வெளுத்து வாங்கியிருப்பார்கள். ஒருவர் பண்பாடு அழிகிறதே என்று குரல் தழுதழுப்பார். இன்னொருவர், சால்வை போர்த்திக்கொண்டு ஆடினால் உலகம் நம்மை எப்படி மதிக்கும் என்பார். நடுவர் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் டீ குடிக்கப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. தலைப்பிலேயே முக்கியமான ஆள் ஒருவர் விடுபட்டிருக்கிறார், உடுத்துகிறவர். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நம் நீலகிரி மலையில் எந்தப் பெரிய விழா என்றாலும், காரிலிருந்து விருந்தினர் இறங்கும்போது பூத்துக்குளி என்னும் பூத்தையல் சால்வை போர்த்திய தோடர் பழங்குடியினர் வரிசையாக நிற்க வேண்டும். அப்படி ஒரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். எந்த விழா, நடத்தியது யார் என்பதெல்லாம் வேண்டாம். காலையிலேயே அழைத்து வந்துவிட்டார்கள். தூறல். விருந்தினர் வரத் தாமதம். நிழற்படக்காரர் ஒரு பெண்ணிடம் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு செல்பேசியை மறைக்கச் சொன்னார். பிறகு உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார். அந்தம்மா கடிகாரத்தைக் கழற்றினார், செல்பேசியை மடிக்குள் செருகினார், ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை. "குளிரும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த மேடையில் அன்று பேசப்பட்டவற்றில் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு சொல்தான்.

கடிகாரம் இருந்தால் மரபு கெட்டுவிடுமா? அந்தப் பூத்துக்குளியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோடர்கள் நெசவு செய்கிறவர்கள் அல்லர். துணி சமவெளியிலிருந்து வருவது. அதன் மேல் கறுப்பும் சிவப்புமாகக் கம்பளி நூலால் பூத்தையல் போடுவது தோடர் பெண்களின் கை. பிரேம் கிடையாது, துணியில் வரைந்துகொள்வதும் கிடையாது. பாவு நூலையும் ஊடு நூலையும் விரல் நுனியால் எண்ணி எண்ணி ஊசியை ஏற்றுகிறார்கள். ஓர் இழை தப்பினால் வரிசையே கோணிவிடும். முடிந்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், தறியில் நெய்ததோ என்றுதான் தோன்றும். இரண்டு பக்கமும் போர்த்தலாம். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் வாங்கிய துணியில், வாங்கிய நூலில், தன் கணக்கில் ஒரு கலையைப் படைத்தவர்களிடம் போய், 'நீங்கள் கலப்படம் இல்லாமல் நில்லுங்கள்' என்று சொல்ல நாம் யார்? இறந்தவரைப் போர்த்தி அனுப்பும் துணியும் இதே பூத்துக்குளிதான். அதனால்தான் அது பிழைத்திருக்கிறது. சுற்றுலா விளம்பரம் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அதற்கு வேலை இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று தமிழ்நாட்டில் அரசு பட்டியலிட்டுள்ள ஆறு சமூகங்களும் நம் மாவட்டத்தில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். சுவரொட்டியில் பணியரை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? பந்தலூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம், தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலையில். கண்ணைப் பறிக்கும் சால்வை அவர்களிடம் இல்லை. ஆகவே நம் 'பாரம்பரியத்தில்' அவர்களுக்கு இடமும் இல்லை. படத்துக்கு எடுப்பாக இருப்பதைத்தான் பாரம்பரியம் என்று பொறுக்குகிறோம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

அரசுகள் இந்த விஷயத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே இரண்டு உதாரணங்கள். 1925இல் துருக்கியில் முஸ்தபா கெமாலின் அரசு தொப்பிச் சட்டம் கொண்டுவந்தது. ஃபெஸ் என்னும் குல்லா பழமையின் அடையாளம், ஐரோப்பியத் தொப்பிதான் நவீன துருக்கியின் முகம் என்றார்கள். எதிர்த்தவர்களில் சிலர் தூக்குமேடை வரை போனார்கள். ஒரு தொப்பிக்காக! 1989இல் பூட்டான் நேர் எதிர்த் திசையில் போனது. ஆண்கள் கோ, பெண்கள் கிரா என்னும் தேசிய உடையை உடுத்த வேண்டும் என்று அரசாணை வந்தது. தெற்கே நேபாளி பேசும் மக்களுக்கு அது தங்கள் உடையே அல்ல. அவர்களுக்கும் அரசுக்கும் விரிசல் முற்றி, 1990களில் பெருங்கூட்டமாக மக்கள் அகதிகளாக வெளியேறியதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த ஆணையும் அவற்றில் ஒன்று. ஒரு நாடு புதுமையின் பெயரால் கழற்றச் சொன்னது, இன்னொரு நாடு பழமையின் பெயரால் போடச் சொன்னது. உடம்பு என்னவோ குடிமகனுடையது.

நம் நாட்டில் தேசிய உடை என்று சட்டம் எதையும் விதிக்கவில்லை. நல்ல காலம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது அவராக எடுத்த முடிவு. பத்தாண்டு கழித்து லண்டன் அரண்மனைக்கும் அதே கோலத்தில்தான் போனார். 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் யாரையும் வேட்டி கட்டச் சொல்லவில்லை. கட்டி வந்தவரைத் தடுக்காதே என்று மட்டும் சொல்கிறது. உடை விஷயத்தில் ஒரு சட்டம் அவ்வளவு தூரம் போனால் போதும். அரசியலமைப்பின் 29ஆம் பிரிவும் தனித்த பண்பாடு உள்ள மக்களுக்கு அதைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உரிமை அந்த மக்களுக்கு, சுற்றுலாத் துறைக்கு அல்ல.

யாரும் சொல்லாமல் உடுத்தினால் எப்படி இருக்கும் என்று பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து பேரகணி பக்கம்தான். மார்கழிக் குளிரில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு, இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்து வருகிறார்கள். மலைச்சரிவே வெள்ளையாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் வங்கி அதிகாரி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் பெண் ராத்திரி பஸ் பிடித்து வந்து பாட்டி கொடுத்த வெள்ளை முண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். மேலே ஸ்வெட்டர், கையில் கடிகாரம், இடுப்பில் செல்பேசி. கழற்று என்று ஒருவரும் சொல்வதில்லை. திங்கட்கிழமை அவர் வேலைக்கு ஜீன்ஸில் போவார். அவருக்குள் எந்தச் சண்டையும் இல்லை. சண்டை இருப்பதாக நாம்தான் தலைப்புப் போடுகிறோம்.

விழா நடத்துகிறவர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். ஆட அழைக்கும் முன், இந்த நாளில் ஆடலாமா, எதை ஆடலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் முடியாது என்றால் விட்டுவிடுங்கள். பாடகருக்கு முன்பணம் கொடுப்பதுபோல் இவர்களுக்கும் கொடுங்கள். அழைப்பிதழில் 'பழங்குடியினர் நடனம்' என்று ஒரே வரியில் முடிக்காமல், ஆடுகிறவர்களின் பெயர்களை அச்சிடுங்கள். ஆடி முடித்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து வேனில் ஏற்றிவிடாதீர்கள். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், விருந்தினர் பேசுவதை அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். தூறல் வந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளட்டும்.

நன்றி, வணக்கம்.