க்ரீம் இல்லாமலே க்ரீமியான மேஷ்டு பொட்டேட்டோ, இடியாப்ப அச்சு இருந்தால் போதும்

வணக்கம் மக்களே, இன்றைக்கு நம் அடுப்பில் ஒரே ஒரு ஐட்டம்தான், மேஷ்டு பொட்டேட்டோ. கிழங்கை வேகவைத்து மசித்தால் ஆச்சு, இதற்கு ஒரு வீடியோவா என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ஹோட்டலில் வாயில் வைத்ததுமே கரைந்து போகிற அந்த மசியலை வீட்டில் செய்தால் ஒன்று கட்டி கட்டியாக நிற்கிறது, இல்லாவிட்டால் பசை மாதிரி கரண்டியோடு இழுபடுகிறது. இதைச் சரிக்கட்டத்தான் பலர் ஃப்ரெஷ் க்ரீம், சீஸ், மயோனைஸ் என்று ஒவ்வொன்றாகக் கொட்டுகிறார்கள், கடைசியில் கிழங்கு ருசியே தெரியாமல் போகிறது. கிழங்கு, வெண்ணெய், பால், உப்பு, இந்த நாலுதான் இன்றைக்கு. கிழங்குக்குள் இருக்கிற தண்ணீரையும் மாவையும் சரியாகக் கையாண்டால் க்ரீமி தன்னால் வரும்.

இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் பிரான்ஸ் நாட்டு செஃப் ஜோயல் ரோபுஷோன். 1981இல் பாரிஸில் ழாமேன் என்று ஒரு உணவகம் ஆரம்பித்தார், 1984இல் அதற்கு 3 மிச்செலின் நட்சத்திரம், அதாவது உணவகங்களுக்குத் தருகிற உச்ச மதிப்பு, கிடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய சமையல்காரர், எத்தனையோ விலை உயர்ந்த பொருள்களை வைத்து என்னென்னவோ செய்தவர், ஆனால் 2018இல் அவர் இறந்தபோது கூட ஜனங்கள் முதலில் பேசியது இந்த உருளைக்கிழங்கு மசியலைப் பற்றித்தான். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்ததே அதனால்தான். அவர் கணக்கு 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய், அப்புறம் 200இலிருந்து 300 மில்லி பால். வெண்ணெய் அளவைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது தினமும் சாப்பிடுகிற சமாச்சாரம் கிடையாது. நான் இன்று அரைக் கிலோ கிழங்குக்கு 125 கிராம் வெண்ணெய் அப்படியே போடப் போகிறேன். முதல் தடவை முழுசாகப் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அடுத்த முறை 75 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம், அப்போதும் நன்றாகவே வரும்.

கிழங்கு விஷயத்துக்கு வருவோம். அவர் ராட் என்கிற சின்ன, விரல் நீளக் கிழங்கில் செய்தார், நம் ஊர் மார்க்கெட்டில் அதைத் தேட வேண்டாம். நான் கோயம்புத்தூரில் இருப்பதால் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருகிற ஊட்டிக் கிழங்கு எனக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, செம்மண் ஒட்டிக்கொண்டு இருக்கும், பாருங்கள், இதுதான். உங்கள் ஊரில் எது கிடைத்தாலும் தோல் மெல்லிசாக உரிந்து வருகிற புதுக் கிழங்கை மட்டும் எடுக்காதீர்கள், அதில் தண்ணீர் அதிகம். எது மாவுக் கிழங்கு என்று தெரியவில்லையா, 1 கப் உப்புக்கு 11 கப் தண்ணீர் என்று கரைத்து அதில் ஒரு கிழங்கைப் போடுங்கள், மாவு நிறைய இருந்தால் மூழ்கும், கொழகொழ ரகம் மிதக்கும். இன்னொன்று, கிழங்கைத் தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், மசியல் ஒரு மாதிரி தித்திக்கும்.

சரி, வேகவைக்கலாம். தோலோடு, முழுசாக, எல்லாம் ஒரே சைஸில். நறுக்கிப் போட்டால் வெட்டின பக்கமெல்லாம் தண்ணீர் குடிக்கும், தோல் இருந்தால் அது தடுக்கும். பச்சைத் தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு, உப்பு போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகிறதற்குள் வெளிப்பக்கம் குழைந்துவிடும். சின்னக் கொதியில் 25, 30 நிமிஷம், கத்தியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். குக்கரில்தான் வைப்பேன் என்கிறவர்கள் கிழங்கைத் தண்ணீரில் முங்க விடாமல் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டு மேல் வைத்து ஆவியில் வேகவிடுங்கள், இட்லிப் பானையிலும் அப்படிச் செய்யலாம்.

இப்போது வேகமாக வேலை பார்க்க வேண்டும். தண்ணீரை வடித்ததும் சூட்டோடு சூடாகத் தோலை உரிக்கணும், ஒரு கையில் துணி பிடித்துக்கொள்ளுங்கள். ஆறவிட்டால் மாவு இறுகிவிடும், அப்புறம் அழுத்தி அழுத்தி மசிக்க வேண்டி வரும், அங்கேதான் கெட்டுப்போகிறது. மிக்ஸியில் மட்டும் போடவே போடாதீர்கள், கையடக்க பிளெண்டரும் கூடாது. ஏன் என்றால், கிழங்குக்குள் மாவுச்சத்து சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு இருக்கிறது, வேகும்போது 60, 70 டிகிரியிலேயே அது தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பிவிடுகிறது. அறை முழுசாக இருக்கிற வரைக்கும் மசியல் மெத்தென்று இருக்கும். பிளேடு சுத்துகிற வேகத்தில் அந்த அறையெல்லாம் கிழிந்து உள்ளே இருக்கிற மாவு மொத்தமும் வெளியே கொட்டிவிட்டால் வருவது சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும், அதை எந்த வெண்ணெயாலும் திருப்ப முடியாது.

வெளிநாட்டில் இதற்கு ரைசர் என்று ஒன்று விற்கிறார்கள். நமக்கு எதற்கு அது, சந்தகை பிழிகிற அச்சு வீட்டில் சும்மாதானே இருக்கிறது. இடியாப்பத் தட்டைப் போட்டு, உரித்த கிழங்கை உள்ளே வைத்து அழுத்துங்கள். கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், இங்கே பாருங்கள், நூல் நூலாக, உதிரி உதிரியாக விழுகிறது, ஒரு கட்டி கிடையாது, ஒன்றோடு ஒன்று ஒட்டவும் இல்லை. அறைகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிகின்றன, ஆனால் உடையவில்லை. மேலே ஆவி போகிறது பாருங்கள், அது போகிறது நமக்கு நல்லது.

பிழிந்ததை அடிகனமான பாத்திரத்தில் போட்டு, தீயைக் குறைத்து வைத்து, மரக்கரண்டியால் மெதுவாக 4, 5 நிமிஷம் புரட்டுங்கள். பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான், எனக்கு மொத்தச் சமையலிலும் முக்கியமாகப் படுவதும் இதுதான். ஈரம் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு வெண்ணெயும் பாலும் உள்ளே போக இடம் கிடைக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் படிய ஆரம்பிக்கும், தெரிகிறதா, அதுதான் அடையாளம். அது சிவக்கக் கூடாது.

அடுத்து வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ஜில்லென்ற துண்டுகள், ஒவ்வொன்றாக. ஒன்று கலந்த பிறகுதான் அடுத்தது. உப்பு போட்ட வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் பரவாயில்லை, மற்ற உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பாலுக்கு முன்னால் வெண்ணெயைப் போடுவதற்குக் காரணம் உண்டு, கொழுப்பு முதலில் மாவைச் சுற்றிப் படிந்துவிட்டால் அப்புறம் வருகிற பாலோடு அது பசையாகச் சேராது. வெண்ணெய் முழுக்கப் போனதும் நிறம் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள், மங்கலாக இருந்தது பளபளப்பாகிவிட்டது.

பால் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும். நான் எடுத்தது ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறதால் இதற்கு ரொம்பப் பொருத்தம். இரண்டு பல் பூண்டைத் தட்டிப் பாலோடு கொதிக்கவிட்டு வடிகட்டியும் ஊற்றலாம், எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் தடவை பூண்டு, மிளகு எதுவும் வேண்டாம், கிழங்கின் வாசனையை மட்டும் கவனியுங்கள். மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே ஒரு கையால் கலக்கணும். அளவு 100இலிருந்து 150 மில்லி, ஆனால் கிழங்குக்குக் கிழங்கு மாறும், அதனால் அளவுக் கப்பை விடக் கண்ணை நம்புங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு நொடி தயங்கிவிட்டு விழ வேண்டும், அந்தப் பதத்தில் நிறுத்துங்கள், அடுப்பில் இருந்து இறக்கியதும் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும். பொறுமை இருந்தால் மெல்லிய சல்லடையில் ஒரு தடவை தேய்த்து எடுங்கள், ரோபுஷோன் அப்படித்தான் செய்வார். நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம், அச்சில் பிழிந்ததே போதும்.

தொட்டுக்கொள்ள எண்ணெயும் காரமுமாக ஏதாவது வேண்டும், மிளகுப் போட்ட காளான் வறுவல், கோழி வறுவல், எதுவானாலும். காரம் நாக்கில் ஏறுகிற நேரத்தில் இந்த மசியல் ஒரு வாய், அட, சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறேன், மன்னிக்கணும், நிஜமாகவே அருமையாக வந்திருக்கிறது.

ஆள் வர லேட்டாகிறது என்றால் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இந்தப் பாத்திரத்தை வைத்து, மேலே 2 ஸ்பூன் சூடான பாலை ஊற்றி மூடிவிடுங்கள், ஏடு கட்டாது, பரிமாறும்போது ஒரு கலக்குக் கலக்கினால் சரியாகிவிடும். மீந்துபோனால் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், அதுவும் வீண் இல்லை, பிரான்ஸில் கொத்துக்கறி மேல் இதைப் பரப்பி ஓவனில் சிவக்க வைத்து அஷி பார்மாந்தியே என்று சாப்பிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே உருளைக்கிழங்கைச் சாப்பிடச் சொல்லி ஊரெல்லாம் பிரசாரம் செய்த பார்மாந்தியே பேரில் வைத்தது அது. என்னிடம் இன்று கொஞ்சம் மசியல் மீதி இருக்கிறது, மட்டன் கீமாவும் ஊற வைத்திருக்கிறேன், அடுத்த வீடியோவில் அதைச் செய்துவிடலாம்.