15-வது இடம்னா காசு கிடையாது, 17-வதுன்னா உண்டு! காயம்பட்ட காலேஜ் பிளேயருக்கு இதுதான் பாதுகாப்பா?

வணக்கம் வணக்கம். இன்னைக்கு ஸ்கோர், பாயிண்ட்ஸ் டேபிள் எதுவும் கிடையாது, நேரா விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்க காலேஜ் பேஸ்கட்பால் ஸ்டார் ஜூஜூ வாட்கின்ஸ், காயத்தால ஒரு சீசன் ஆடலன்னு சொன்னதப் பத்தி வீடியோ போட்டேன்ல, அதுக்குக் கீழ வந்த கமெண்ட்ஸ் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. "ஒரு சீசன் முழுக்க பெஞ்சுல உக்கார்றதுக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்?", "காசு வந்ததும் பயம் வந்துடுச்சு". வரிசையா இதே பேச்சு. என்னங்க இது?

2025 மார்ச்ல, மிசிசிப்பி ஸ்டேட் காலேஜ் கூட ஆடின என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்ட நடத்தற அமைப்பு) டோர்னமெண்ட் மேட்ச்ல அந்தப் பொண்ணுக்கு முட்டியில ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்சுது. ஆபரேஷன் ஆகி, ஓடி, குதிச்சு, சட்டுனு கால மாத்தித் திரும்பற நம்பிக்கை வர்றதுக்கே ஒன்பது மாசம், ஒரு வருஷம்னு இழுக்கும். 2025-26 சீசன் ஆடலன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான் எழுந்து நின்னு கைதட்டறேன். டபிள்யூஎன்பிஏ (பெண்கள் புரொஃபஷனல் லீக்) டிராஃப்ட்டுக்கும், அதாவது டீம்கள் புதுப் பிளேயர்கள வரிசையா எடுக்கற தேர்வுக்கும், அவங்களுக்கு 2027லதான் வயசு வரும். அப்புறம் என்ன அவசரம்?

பசங்க நிலைமை வேற. 2005ல போட்ட என்பிஏ (ஆண்கள் புரொஃபஷனல் லீக்) ஒப்பந்தத்துல, ஸ்கூல் முடிச்சு நேரா டிராஃப்ட்டுக்கு வர முடியாதுன்னு ஆக்கிட்டாங்க. 19 வயசு ஆகணும், ஒரு வருஷம் காத்திருக்கணும். சரின்னு அந்த ஒரு வருஷம் காலேஜ்ல ஆடுவான். அதுல முட்டி போனா நஷ்டம் யாருக்கு? அவனுக்கு மட்டும்தான். இந்த விதிய எனக்குச் சுத்தமா பிடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும்.

டியூக் காலேஜுக்கு ஆடின ஸயான் வில்லியம்சன ஞாபகம் இருக்கா? 2019 பிப்ரவரி 20, டியூக் – நார்த் கரோலினா காலேஜ் மேட்ச். மேட்ச் ஆரம்பிச்சு ஒரு நிமிஷம்கூட ஆகல, கால ஊனித் திரும்பறான், இடது ஷூ அப்படியே பிளந்துக்குச்சு! பாதம் வெளிய வந்துடுச்சு, வலது முட்டி சுளுக்கிக்கிச்சு. அந்த ஷூ நைக்கி பிஜி 2.5. அதோட கடை விலை 110 டாலர். இத நான் விடமாட்டேன். நம்ம ஊர்க் காசுக்கு அப்போ ஏழாயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய 129 கிலோ எடையுள்ள பையன், அடுத்த டிராஃப்ட்ல முதல் ஆளா போகப்போறான்னு உலகத்துக்கே தெரியும், அவன் கால்ல 110 டாலர் ஷூ! கடையில யார் வேணா வாங்கற ஷூ! திரும்பி வந்தப்போ பலப்படுத்தின வேற ஷூ குடுத்தாங்க. அத முதல்லயே குடுத்திருக்கலாம்ல? மறுநாள் நைக்கி பங்கு ஒரு சதவீதம் போல இறங்கினதுக்கே அவ்வளவு செய்தி. அந்தப் பையன் எதிர்காலம் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கும்னு யார் கணக்கு போட்டா?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். அன்னைக்கு ஒபாமா நேர்ல வந்து உக்காந்திருந்தார். டிக்கெட் விலை சூப்பர் பவுல் (அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல்) ரேஞ்சுக்குப் போயிருந்துச்சு. அவ்வளவு பணம் புரண்ட அரங்கத்துல, ஆடின பையனுக்குச் சம்பளம்னு ஒரு பைசா கிடையாது. பேரு, முகத்த வச்சு சம்பாதிக்கற அனுமதியே 2021 ஜூலைலதான் வந்துச்சு.

சரி, இன்சூரன்ஸ். ஸயானுக்கு 80 லட்சம் டாலருக்கு பாலிசி இருந்துச்சுன்னு அப்போ செய்தி வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டிராஃப்ட்ல 16-வது இடத்துக்கும் கீழ போனாத்தான் அது வேலை செய்யுமாம். முதல் இடத்துல இருந்து 15-க்கு விழுந்து சம்பளம் குறைஞ்சாலும் ஒண்ணும் வராது. வீடு முழுக்க எரிஞ்சாத்தான் பணம், சமையல்கட்டு மட்டும் எரிஞ்சா கிடையாதுங்கற மாதிரி.

நெர்லன்ஸ் நோயலப் பாருங்க. கென்டக்கி காலேஜுக்கு ஆடின பையன். 2013 பிப்ரவரில ஃப்ளோரிடா மேட்ச்ல ஏசிஎல் போச்சு. அதுவரைக்கும் முதல் இடம்னு பேசிட்டிருந்தாங்க, ஆறாவதா போனான். முதல்ல போன ஆந்தனி பென்னட்டுக்கு முதல் வருஷச் சம்பளம் ஏறக்குறைய 53 லட்சம் டாலர், நோயலுக்கு 31 லட்சம். ஒரே வருஷத்துல 20 லட்சத்துக்கு மேல வித்தியாசம்! 16-வது இடம்னு கோடு போட்ட பாலிசி இருந்திருந்தா அவனுக்கு ஒரு டாலர் தேறாது.

என்சிஏஏ ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லல. 1990ல இருந்து பெரிய பிளேயர்களுக்குன்னு ஊனக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. ஆனா அது முக்கியமா ஆட்டமே முடிஞ்சுபோற நிலைமைக்குத்தான். 2024 ஆகஸ்ட்ல இருந்து, காலேஜ் ஆட்டம் முடிஞ்சு ரெண்டு வருஷம் வரைக்கும் பழைய காயத்துக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்குது. நல்ல விஷயம், மனசார பாராட்டறேன். பெரிய கான்ஃபரன்ஸ்கள்ல (காலேஜ்கள் சேர்ந்து ஆடற லீக் குழுக்கள்) 2016ல இருந்தே, ஆடலாமா வேண்டாமான்னு டாக்டர் சொன்னா கோச் மீற முடியாதுன்னு விதி இருக்கு. ஆனா அந்த டாக்டர யார் வேலைக்கு வச்சிருக்காங்க? அதே காலேஜ்தானே!

எனக்கு வேணுங்கறது ரெண்டுதான். காலேஜுக்குச் சம்பந்தமில்லாத டாக்டர் ஒருத்தர் பாக்கணும். ப்ரீமியத்த காலேஜ் கட்டணும், அதுவும் அஞ்சு இடம் சரிஞ்சாலே பணம் வர்ற பாலிசியா இருக்கணும். காலேஜ்கள் இப்ப பிளேயர்களுக்கு நேரடியாவே பணம் குடுக்குது, 2025-26ல ஒரு காலேஜுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். அதுல ப்ரீமியத்துக்கு இடமில்லையா?

அதுக்காக யாரையும் பூட்டி வைக்கச் சொல்லல. ஸயான் திரும்பி வந்து சைரக்யூஸ் காலேஜ் கூட எறிஞ்ச 13 ஷாட்டையும் கூடைக்குள்ள போட்டான், 29 பாயிண்ட்! டாக்டர் சரின்னு சொல்லி, ஆடணும்னு அவனுக்கே ஆசையும் இருந்தா, ஆடட்டும். ஜூஜூ உக்காரணும்னா உக்காரட்டும். அவங்க முட்டிங்க அது.

என்பிஏ பிளேயர் ஜோயல் எம்பீட் பாத எலும்பு பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதுக்குத் தனி வீடியோ வருது. பாப்போம்.