மலை உச்சியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பிறகு பூவுக்குப் பூச்சி எதற்கு?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மரங்களே வளராத உயரத்தில் எந்நேரமும் காற்று வீசுகிறது, குளிரில் பூச்சிகளும் குறைவு. அங்குள்ள செடிகள் மகரந்தச் சேர்க்கைக்குக் காற்றை மட்டும் நம்பினால் போதாதா? பளிச்சென்ற பூக்கள் எதற்கு?"

நியாயமான சந்தேகம். காற்றை நம்பும் செடிகள் அங்கே நிறைய உண்டு. புல்லும் கோரையும் அப்படித்தான். அவை கூட்டமாக வளர்வதால், ஒன்று உதிர்க்கும் இலேசான மகரந்தத்தூள் பக்கத்தில் நிற்கும் தன் இனத்தின் மீதே விழ வாய்ப்பு அதிகம். ஆனால் பாறை இடுக்கில் ஒன்று, வெகுதூரம் தள்ளி இன்னொன்று என்று வாழும் செடிக்கு அது பலிக்காது. தூளில் பெரும்பகுதி வீணாகும். தவிர, பல செடிகள் தரையோடு தரையாக மெத்தைபோல் படர்ந்தவை. அந்தத் தாழ்வில் காற்றின் வேகமும் தணிந்துவிடும்.

ஆகவே பூச்சி வேண்டும். எந்தப் பூச்சி? பலரும் தேனீ என்பார்கள். உயரம் கூடக் கூட ஈக்களின் பங்குதான் பெருகுகிறது. ஈ என்றாலே முகம் சுளிக்கிறோம். அங்கே பல பூக்கள் காய்ப்பது ஈக்களால்தான். இவற்றை வரவழைக்கச் சில பூக்கள் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. டிரையாஸ் என்ற வெள்ளைப் பூ, கிண்ணம்போல் குவிந்து சூரியன் போகும் திசையெல்லாம் திரும்பும். வெயில் நடுவில் குவிவதால் பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். பூச்சி குளிர்காய வரும், உடம்பெல்லாம் தூளை அப்பிக்கொண்டு போகும். அதே சூடு விதை முதிரவும் உதவுகிறது.

பம்பிள் தேனீக்கோ வெளிச்சூடு அவ்வளவு தேவையில்லை. இறக்கையை அசைக்காமலே, பறக்க உதவும் தசைகளை மட்டும் நடுக்கி, மார்புப் பகுதியை ஏறத்தாழ 30 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டு கிளம்பிவிடும். அதனால் மற்றப் பூச்சிகள் முடங்கிக் கிடக்கும் குளிரிலும் அது பூத் தேடிப் போகிறது.

இமயமலையில் 4000 மீட்டருக்கு மேல் ரியம் நோபிலே என்றொரு செடி ஆளுயரம் வளர்கிறது. ஒளி ஊடுருவும் வெளிர்மஞ்சள் இலைகளால் பூக்களை மூடி, தனக்கென்று ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. உள்ளே வரும் சிறு கொசு போன்ற பூச்சிகள் மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு அங்கேயே முட்டையும் இடும். புழுக்கள் சில விதைகளைத் தின்னும், மிச்சம் செடிக்கு.

காற்றா பூச்சியா என்று எல்லாச் செடியும் பிரிந்து நிற்பதுமில்லை. விரற்கடை உயரமே உள்ள குட்டை வில்லோ என்ற செடி தேனும் சுரக்கிறது, காற்றிலும் தூளை விடுகிறது. கோடை சில வாரங்களே நீடிக்கும் இடத்தில், மேகம் மூடிப் பூச்சி வராத நாட்களுக்கு அது கைகொடுக்கும். இரண்டும் கைவிட்டால், தன் தூளாலேயே காய்க்கும் செடிகளும் உண்டு. மகரந்தமே வேண்டாத வழியும் உண்டு. பிஸ்டார்ட் என்ற செடியினத்தைச் சேர்ந்த ஒன்று, பூங்கதிரின் அடிப்பகுதியில் பூவுக்குப் பதிலாகச் சிறு குமிழ்மொட்டுகளைத் தாங்குகிறது. அவை உதிர்ந்த இடத்தில் வேர்விட்டுத் தாய்ச்செடியின் அச்சாகவே வளரும்.