காய்ச்சல் விட்ட பிறகு

(வெள்ளவத்தையில் ஒரு பெப்ரவரி மாலை நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பெப்ரவரியில் டெங்குவைப் பற்றிக் கதைக்க என்ன அவசரம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். மழை ஓய்ந்துவிட்டது, வாட்டுகளில் நெரிசல் குறைந்துவிட்டது, பத்திரிகைகளும் வேறு செய்திக்குப் போய்விட்டன. அதனால்தான் இந்த மாதத்தை நானே கேட்டு வாங்கினேன்.

டெங்கு வந்த ஒரு வீட்டில் நடப்பதை முதலில் சொல்கிறேன். மூன்று நாளாகப் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். அம்மா தலைமாட்டை விட்டு எழும்பவில்லை. நான்காம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கிறது. அப்பா வேலைக்குக் கிளம்புகிறார். "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்கிறார் அம்மம்மா. டெங்குவில் சிலருக்கு ஆபத்தான கட்டம் தொடங்குவது அந்த நேரத்தில்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் சேர்கிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிக முக்கியமானது.

ஆகவே காய்ச்சல் விட்ட நாளில்தான் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கை கால் சில்லிட்டால், ஓயாமல் சத்தி எடுத்தால், வயிறு கடுமையாக நொந்தால், ஆறு மணி நேரமாகச் சலம் போகாவிட்டால், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தோ அந்தரப்பட்டோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலுக்கு அளவோடு பனடோல் மட்டும் போதும். அஸ்பிரின், ஐபுப்ரூபன், டைக்குளோபினாக் வேண்டாம், அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளாவது இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கஞ்சி, ஜீவனி, இளநீர் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். பிள்ளை சத்தி எடுத்தால் அதில் இருப்பது இரத்தமா பானமா என்று வைத்தியரால் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

இந்த விஷயத்தில் நம் வைத்தியர்களும் தாதியரும் சாதித்தது பெரிது. 2009இல் ஏறத்தாழ 35,000 பேருக்கு டெங்கு வந்து 340க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023இல் நோயாளிகள் 88,000ஐத் தாண்டினார்கள், இறப்பு நூறை எட்டவில்லை. நீர் எவ்வளவு, எந்த மணிக்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பொறுமைதான் அத்தனை உயிர்களைக் காத்தது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள், அது குறையவில்லை. ஆஸ்பத்திரி தன் பங்கைச் செய்துவிட்டது. வீதியும் வீடும் இன்னும் செய்யவில்லை.

காய்ச்சல் விட்டதும் அசந்துபோவது வீட்டுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. நாடும் ஒருமுறை அப்படி அசந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்தை விசிறி, இரத்தம் சோதித்து, வீடு வீடாக அலைந்து, 1963இல் நாடு முழுவதிலும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பதினேழு! வெற்றிதானே என்று விசிறலை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து ஏற இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் சென்றன, நடுவில் யுத்தமும் வந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இந்த முறை நாம் பாடம் படித்திருக்கிறோம். நாரஹேன்பிட்டியில் மலேரியா எதிர்ப்பு இயக்கம் இன்றும் இயங்குகிறது. ஆபிரிக்க நாடுகளுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்களுக்கு அங்கே தடுப்பு மருந்து இலவசம். இந்தியப் பயணம் நம் வீடுகளில் சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன். போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று: நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தது, நாம் சான்றிதழ் வாங்கிய அதே காலத்தில்தான். நோய் போய்விட்டது, நுளம்பு வந்து நிற்கிறது.

சரி, டெங்குவுக்கு வருவோம். இதன் வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு, மற்ற மூன்றுக்கும் இல்லை. இரண்டாம் முறை வேறு வகை தொற்றும்போது, முதல் தொற்றில் உருவான எதிர்ப்புப் புரதங்களே சில நேரம் வைரஸ் நம் உடற்கலங்களுக்குள் நுழைய வழிசெய்துவிடுகின்றன. 2017இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சில வருடங்களாக அடங்கியிருந்த இரண்டாம் வகை பெருவாரியாகத் திரும்பியது, ஒரே வருடத்தில் 1,86,000க்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகளானார்கள். இப்போது ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எந்த வகை புழங்குகிறது என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். உடற்பருமன் உள்ள பிள்ளைகள் டெங்குவால் வாட்டில் அனுமதிக்கப்படும் வாய்ப்புக் கூடுதல் என்பதும் அவர்களின் ஆய்வில் தெரிந்தது. ரியூஷனுக்கும் போனுக்கும் நடுவில் ஓடி விளையாட நேரமில்லாத நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இது பெரிய கவலை.

புதிய ஆயுதங்களும் வருகின்றன. வொல்பாக்கியா என்ற பக்டீரியா பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே இருக்கிறது, டெங்குவை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை நுளம்பில் இல்லை. அதைப் புகுத்தினால் நுளம்பின் உடலில் வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இப்படியான நுளம்புகளை விட்டுச் சோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி அங்கே டெங்கு 77 வீதம் குறைந்தது. நம் நுகேகொடைப் பக்கத்திலும் 2020இல் முன்னோடியாக விட்டார்கள். தடுப்பூசியைப் பொறுத்தவரை, கியூடெங்கா ஊசியின் பெரிய சோதனையில் எட்டு நாடுகளின் பிள்ளைகள் பங்கெடுத்தார்கள், அதில் இலங்கைப் பிள்ளைகளும் உண்டு. முதல் வருடத்தில் சுமார் 80 வீதப் பாதுகாப்புத் தெரிந்தது. ஆனால் முன்பு டெங்கு வராதவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகைகளில் அது எவ்வளவு காக்கும் என்பது தெளிவாகவில்லை. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை உண்டு. இரண்டுமே மெல்ல வேலைசெய்பவை, வருகிற மழைக்கு முன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

அதுவரை நம்மிடம் இருப்பது ஒரு பொச்சும் பத்து நிமிடமும். டெங்கு நுளம்பு தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிடுகிறது. ஒரு தயிர்ச்சட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். தண்ணீரைக் கொட்டினாலும் அவை அங்கேயேதான் இருக்கும். காய்ந்து பல மாதம் கிடந்துவிட்டு, மழை நீர் தொட்டதும் பொரிக்கும். ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். இப்போது, இந்தக் காய்ந்த மாதத்தில், அவை நம் பீலிகளிலும் பிரிட்ஜின் பின்தட்டிலும் மணி பிளான்ட் போத்தலிலும் காத்திருக்கின்றன. கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை. புகை அடித்தால் பறக்கும் நுளம்பு சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குள் நம்மவர்கள் சுத்தம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை எங்கே என்றால், யாருடையதும் அல்லாத இடங்களில். பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கே வெள்ளவத்தையிலும் நாம் தொடர்மாடிகளில் வாழ்கிறோம். மொட்டைமாடித் தாங்கியின் மூடி உடைந்திருக்கும். லிப்ட் குழியில் தண்ணீர் தேங்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் கீழ்வீட்டுச் சீற்றில் நிற்கும். பக்கத்துக் காணியில் பாதியில் நின்ற கட்டடம். இந்த நுளம்பு பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்குள்தான் பறக்கும். ஆக, உங்கள் பிள்ளையைக் கடிப்பது உங்கள் ஒழுங்கையில் பிறந்த நுளம்பு. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரும்போது கேற்றைப் பூட்டிவிட்டு ஆளில்லை என்று சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் தண்டம் எழுத மட்டும் வருபவரல்ல. அந்தப் பூட்டிய கட்டடத்தின் சொந்தக்காரரைக் கேள்வி கேட்கச் சட்ட அதிகாரம் உள்ளவர் அவர்தான்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் வரும், ஜூன், ஜூலையில் கொழும்பு வாட்டுகள் நிரம்பும். அதற்குள் உங்கள் தொடர்மாடிச் சங்கம் ஒரு தடவையாவது கூடும். அந்தக் கூட்டத்தில் மொட்டைமாடித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்விக்கே பதில் இருக்காது. பதில் கிடைக்கும்வரை எழும்பாதீர்கள். பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து ஏறி, தாங்கி மூடிகளையும் பீலியையும் பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள், காட்டித்தர ஆள் அனுப்புவார்கள்.